தாடி இல்லாத லிங்கன்

டெல்மருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் அந்தச் சிற்றூரின் விழாவில் வருஷா வருஷம் லிங்கன் வேஷம் அவருக்குத்தான். இந்த முறை வேஷத்துக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்கு வெர்லினும் வந்திருந்தான், காது முதல் காது வரை சொந்தத் தாடியோடு. டெல்மருக்கு முகத்தில் முடி முளைக்காது. பசை போட்டு ஒட்டிய தாடி வேறு அரித்தது.

"எந்த ஆட்டை மொட்டையடிச்சீங்க அண்ணே?" என்று சீண்டினான் வெர்லின்.

விழாத் தலைவி ஹேஸல் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "இந்த வருஷம் 1858 தேர்தல் விவாதத்தை நாடகமாப் போடுறோம். அப்ப லிங்கன் தாடியே வைக்கலை. எடுத்துடுறீங்களா?"

வெர்லின் தாடியைப் பொத்திக்கொண்டான். பிப்ரவரியில் லிங்கன் பிறந்தநாளுக்குப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் லிங்கன் வேஷம் கட்டிப் பிழைப்பது அதை வைத்துத்தான்.

டெல்மர் ஒரே இழுப்பில் பிய்த்தெடுத்தார். கன்னத்துத் தோலும் கொஞ்சம் கூடவே வந்தது. அவர் சிரித்துக்கொண்டே நின்றார்.