கசங்காத விரிப்புகள்

முதலிடம் பெற்ற அரசு மருத்துவமனையில் நோயாளிகளைக் கட்டிலில் படுக்க வைப்பதில்லை. விரிப்பு கசங்கினால் தரப்பட்டியலில் மதிப்பெண் குறைந்துவிடும். இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அக்காவுக்கு மூச்சிரைப்பு. "நம்ம தெருமுனை ஆஸ்பத்திரிக்கே போலாம்டா. அங்க கஸ்தூரி நர்ஸ் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடும்" என்றாள்.

நான் பட்டியலைக் காட்டினேன். தெருமுனைக்கு நாற்பத்திரண்டாம் இடம். மொத்தமே நாற்பத்திரண்டுதான். "உனக்கென்ன தெரியும்?" என்று அதட்டி, மூன்று பேருந்து மாறி அழைத்து வந்தேன். படித்தவன் என்ற திமிர்.

அக்காவை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார்கள். குமாஸ்தா ஒரு படிவம் நீட்டினார். சிகிச்சை திருப்தியா என்று அதில் கேட்டிருந்தது.

"இன்னும் டாக்டரே பாக்கலியே, சார்?"

"அதனாலதான் இப்பவே கேக்கறோம். பாத்தப்புறம் ஜனங்க கோவமா எழுதறாங்க."

'மிகவும் திருப்தி'யில் டிக் போட்டேன்.

அக்கா இருமினாள். அவளை அடுத்த பெஞ்சுக்கு நகர்த்தினார்கள். வராந்தா ஒரு பெஞ்ச் அளவு நீண்டது. மறுபடி இருமினாள். மறுபடி நீண்டது. ஜன்னல் வழியே வார்டு தெரிந்தது. வெள்ளை வெளேரென்று இருநூறு கட்டில்கள். ஆய்வாளர் ஒருவர் குனிந்து குனிந்து விரிப்பில் சுருக்கம் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை.

"ஒரே ஒரு கட்டில் குடுங்க, சார். அவங்களால உக்கார முடியல" என்று குமாஸ்தாவிடம் கெஞ்சினேன்.

"பதினோரு வருஷமா இங்க யாரும் செத்ததில்ல, தெரியுமா?"

"எப்படி?"

"அதான் வராந்தா இருக்கே."

வராந்தாவின் கோடியில் ஒரு கதவு இருந்தது. அங்கே போய்ச் சேர்வதற்குள் அக்காவின் உதடு நீலம் பாரித்துவிட்டது. கதவைத் திறந்து எங்களை அந்தப் பக்கம் விட்டார்கள்.

அந்தப் பக்கம் எங்கள் தெருமுனை மருத்துவமனை.

கஸ்தூரி ஓடி வந்தாள். "வாங்க, மங்கையர்க்கரசி அக்கா" என்று தாங்கிப் பிடித்து, கசங்கிய விரிப்பில் படுக்க வைத்தாள். ஆக்சிஜன் பொருத்தினாள். அக்கா அவளைப் பார்த்துச் சிரித்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"காலையிலயே நேரா இங்க வந்திருக்கலாமே, சார்" என்றாள் கஸ்தூரி. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நாலரை மணிக்கு அக்கா இறந்தாள். கஸ்தூரி பதிவேட்டில் எழுதினாள். உடனே ஆய்வாளர் வந்து வாசலில் இருந்த தரவரிசைப் பலகையை மாற்றினார். நாற்பத்திரண்டுக்குக் கீழே இடம் இல்லாததால் நாற்பத்து மூன்றாம் இடம் என்று புதிதாக ஒன்றை உண்டாக்கியிருந்தார்கள்.

நான் பேனாவை எடுத்தேன். "ஒரு படிவம் குடுங்க, சிஸ்டர். உங்களுக்கு முழு மதிப்பெண் போடறேன்."

கஸ்தூரி அக்காவின் கண்களை மூடினாள்.

"ஒரு நோயாளிக்கு ஒரு படிவம்தான், சார். நீங்க காலையிலயே போட்டுட்டீங்க."