பின்னறையின் விலை

தம்பி பின்னறையில் உயிரை மாய்த்துக்கொண்டு மூன்று மாதம் கழித்து, அக்கா வீட்டை விற்க முடிவு செய்தாள். பெற்றோர் இல்லை. அந்த வீட்டில் தூக்கம் பிடிக்காமல், அவள் தான் வேலை பார்க்கும் தபால் ஆபீஸ் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள்.

தரகர் சுவரைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார். பிறகு பாதி விலை சொன்னார்.

"சுவர்ல ஒரு குறையும் இல்லம்மா. எல்லாம் ஊர் வாய்லதான் இருக்கு."

பாதி விலைக்கும் ஆள் வரவில்லை. வந்த ஒருவர் படியேறாமலே பேசிவிட்டுப் போனார்.

வெளியூரிலிருந்து வந்த குழந்தை டாக்டர் ஒருவர்தான், விஷயம் தெரிந்தும் வாடகைக்குக் கேட்டார். "சாவு பார்க்காத கட்டில் எந்த ஆஸ்பத்திரியிலம்மா இருக்கு?" என்றார். பின்னறையில் மருந்து அலமாரியை வைத்தார்.

முதல் இரண்டு மாதம் ஈ ஓட்டினார். ஒரு மழைநாளில், எதிர்வீட்டு டெய்லர் வலிப்பு வந்த மகளைத் தூக்கிக்கொண்டு, வேறு வழியில்லாமல் ஓடிவந்தார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. அதன் பிறகு வாசலில் நிற்க இடமில்லை. இரண்டே வருடத்தில் அது கைராசியான வீடாகிவிட்டது. படியேறினாலே பாதிக் காய்ச்சல் போய்விடுகிறது என்றார்கள், அன்று படியேற மறுத்தவர்கள்.

டாக்டர் சொந்தக் கட்டடத்துக்குப் போனதும் தரகர் ஓடிவந்தார். இந்த முறை ஊர் விலையைப் போல ஒன்றரை மடங்கு சொன்னார். வாங்க வந்தவர் ஒரு பேக்கரிக்காரர், மனைவியோடு.

"பழசைக் கிளறாதீங்கம்மா. இப்ப யாரும் அதைப் பேசுறதே இல்ல" என்று தரகர் காதோடு சொன்னார்.

அந்தச் சொல் அக்காவுக்குச் சுருக்கென்றது. உண்மைதான். அதைப் பேசுவதில்லை, அவனைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை.

பின்னறை ஜன்னலருகே நின்று பேக்கரிக்காரர் மனைவி கேட்டாள்: "நல்ல வெளிச்சமா இருக்கே. யாரோட ரூம்?"

"என் தம்பியோடது. வாட்ச் ரிப்பேர் பண்ணுவான். வெளிச்சம் வேணும்னு இதை எடுத்துக்கிட்டான். இருபத்தாறு வயசுல, இங்கயே உயிரை விட்டுட்டான்."

கேட்டவள் ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் இருவரும் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள்.

"சும்மா இருந்திருக்கலாமேம்மா" என்றார் தரகர்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. அப்படி ஒருத்தன் இருந்தான்னு யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு."

பத்து நாள் கழித்து பேக்கரிக்காரர் மனைவி மட்டும் தபால் ஆபீஸுக்கு வந்தாள். கூட்டம் குறையும்வரை பெஞ்சில் காத்திருந்தாள்.

"உங்க தம்பிக்கு என்னக்கா கஷ்டம்?"

"தெரியலம்மா. நான் கேட்டிருக்கணும்."

வந்தவள், "விலையில மூணுல ஒரு பங்கு குறைச்சுக் கேளுன்னு எங்க வீட்டுக்காரர் அனுப்பினாரு. எனக்குக் கேக்க வாய் வரல" என்றாள்.

"பரவால்ல. அந்த விலைக்கே எடுத்துக்கோங்க."

பத்திரம் முடிந்த அன்று அக்கா சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. அடக்கவில்லை. டிக்கெட் கேட்க வந்த கண்டக்டர் பேசாமல் பின்சீட்டுக்கு நகர்ந்து, இரண்டு நிறுத்தம் தாண்டித் திரும்பி வந்தார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இறங்கும் இடத்தைச் சொன்னாள்.