அளவுகோல் வைத்து இழுத்த கோடு

வைத்திலிங்கம் ஹட்டன் துணிக்கடைக்காரர் ஒருவரின் மகன். கணக்கில் கெட்டிக்காரன் என்பதால் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்திருந்தது. அரைத்த கொழுந்திலுள்ள துவர்ப்புச் சத்தைக் காற்றோடு சேர்த்துச் செம்பு நிறமாக்குவது ஒரு நொதி. சத்தின் செறிவைக் கூட்டக் கூட்ட அது எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று அவன் கணக்கிட வேண்டும். குடுவையில் நொதியையும் சத்துக் கரைசலையும் கலந்து ஆட்டினால் உள்ளேயிருக்கும் பிராணவாயு குறையும். அதோடு இணைத்த மெல்லிய குழாயில் நீலத் தண்ணீர் ஏறும். நிமிடத்துக்கு எவ்வளவு ஏறியது என்பதே வேகம்.

முதலில் எல்லாம் ஒழுங்காக வந்தது. செறிவு இரட்டித்தால் வேகமும் ஏறத்தாழ இரட்டித்தது. கெட்டியான கரைசல்களுக்குப் போனதும் வேகம் கூடாமல் நின்றுவிட்டது. காற்றுக் கசிகிறதோ என்று மூடிக்கு மெழுகு தடவி மறுபடி செய்து பார்த்தான். அதே எண்தான். கொஞ்ச நாளைக்கு முன்புதான் ஒரு குழாயை உடைத்து, ஆய்வுகூடத்துத் துரையிடம் பேச்சு வாங்கியிருந்தான். இதுவும் தன் கைப்பிழை என்று எண்ணியவனுக்கு மறுபடி அவர் முன் போய் நிற்க முகமில்லை. வரைபடத்தில் முதல் புள்ளிகளின் மேல் அளவுகோலை வைத்துக் கோட்டை நேராக நீட்டினான். மிச்ச வேகங்களை அந்தக் கோட்டிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டான்.

துரை அதை நம்பினார். சத்து மிகுந்தால் வேகமும் அதே அளவு மிகும், ஆகவே சத்து கூடிய வெயில்காலக் கொழுந்துக்கும் வழக்கமான நேரமே போதும் என்று தொழிற்சாலைக்குச் சொல்லியனுப்பினார். தேயிலை சரியாக நிறமேறாமல் பச்சை வாடையோடு வந்தது. ஆய்வுகூடக் கணக்கு தப்பாது என்று நினைத்த தொழிற்சாலைப் பொறுப்பாளர் டீமேக்கர், அரைத்த கொழுந்தைப் பரப்பி நிறமேற விடும் வீரய்யாதான் நேரத்துக்கு முன்பே அள்ளிவிட்டான் என்று முடிவுகட்டி, அவனை மலையில் மழைத்தண்ணீர் ஓடும் கான் வெட்ட அனுப்பினார்.

வைத்திலிங்கம் அவனை ரோட்டில் கண்டான். மண்வெட்டியும் சேறுமாக வந்த வீரய்யா, ஐயாவுக்கு வழி விட்டுத் தேயிலைச் செடிக்குள் ஒதுங்கிச் சலாம் வைத்தான். அவன் மலைக்குப் போனதற்குக் காரணம் தன் கோடுதான் என்று வைத்திலிங்கத்துக்குப் புரிந்தது. நேரே துரையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான்.

துரை கத்தவில்லை. குடுவையிலிருக்கும் நொதி கொஞ்சம்தான், அது முழுக்க வேலையில் இருக்கும்போது இன்னும் சத்தைக் கொட்டினாலும் வேகம் கூடாது என்று விளக்கினார். அவன் மறைத்த எண்கள்தான் சரியானவை. அந்த ஆளிடமும் போய்ச் சொல் என்றார்.

தொழிற்சாலை வாசலில் டீமேக்கரை வைத்துக்கொண்டே வீரய்யாவிடம் சொன்னான். அவனைத் திரும்பக் கொழுந்து பரப்பும் அறைக்கு எடுத்துக்கொள்வதாக டீமேக்கர் முனகிவிட்டு உள்ளே போனார்.

"அள்ளலைன்னு எத்தனையோ தடவ சொன்னேங்க. வீட்டுல எம் பொஞ்சாதி அம்மாக்கண்ணுகூட நம்பல," என்றான் வீரய்யா. பிறகு கேட்டான்: "வந்தத வந்தபடி சொல்லியிருந்தா ஒங்கள வேலைய விட்டு நிறுத்தியிருப்பாங்களா, ஐயா?"

"இல்ல."

"பின்ன ஏங்க?"

உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். பேச்சு வாங்க வெட்கமாயிருந்தது என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது? வீரய்யா கால் சேற்றைக் கழுவத் தண்ணீர்க் குழாயடிக்குப் போனான்.