முதுகில் மஞ்சள் புள்ளி

"இன்னாமா, அதுக்குள்ள வெளிய எடுத்துட்ட?" என்றார் பன்னீர்செல்வம், "மூச்சு இழுத்துடுச்சுண்ணே" என்றாள் அஃப்ஸானா, "எங்க இழுத்துச்சு? நல்லாத்தான் குந்திகினு இருந்துச்சு, முதுகுல புள்ளி வச்சதுன்னா உனக்கு மனசு தாங்காது, தலையில புள்ளி வச்சதுங்கள மட்டும் மாமியாராட்டம் பாத்துகினே நிப்ப" என்று சிரித்தார், மருந்தியல் கல்லூரியின் விலங்குக் கூடத்தில் இருபது வருஷமாகத் தீனி போடுகிறவர், அவர் கேலிக்கு அவளும் சிரித்தாள், சிரித்தபடியே நின்றுவிட்டாள்...

கைக்குள் கினிப்பன்றியின் நெஞ்சு படபடத்தது, வெள்ளை முதுகில் நேற்று அவளே தொட்டு வைத்த மஞ்சள் சாயம், முதுகில் என்றால் வெறும் தண்ணீர் குடித்தது, தலையில் என்றால் ஆஸ்துமாவுக்கென்று அவள் சோதிக்கிற நஞ்சறுப்பான் இலைச் சத்து குடித்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் முட்டை வெள்ளைக்கருவின் புரதத்தை ஊசியில் ஏற்றி இந்தக் குட்டி உடம்புகளுக்கு அதைப் பகையாக்கியவள் அவள்தான், நேற்று அதையே மூச்சில் இழுக்கவைத்தாள், அந்த எரிச்சலில் இன்று துளி ஹிஸ்டமின் பனிக்கே மூச்சுக்குழல் இறுகிவிடும், கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் பனியை எத்தனை நொடி தாங்குகிறது என்று எண்ணி, திணறத் தொடங்கியதும் தூக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை... ஆனால் தொடங்குவது எது? எட்டு வயதில் புதுப்பட்டினம் வீட்டு அடுப்படியில் கற்றுக்கொண்டது அது, மீன் வறுக்கிற புகையில் அம்மாவின் தொண்டைக்குழி லேசாக உள்ளே போகும், விரல்கள் மேடையின் விளிம்பைப் பிடிக்கும், மூச்சில் விசில் சத்தம் அதற்கப்புறம்தான் வரும், அதற்குள் அவள் ஓடிப்போய் ஸ்டவ்வை அணைத்திருப்பாள். அந்தக் கைதானே இது? தண்ணீர் குடித்ததுகளுக்கு முந்திக்கொள்கிறது, மருந்து குடித்ததுகளுக்கு, தாங்கும், இன்னும் தாங்கும் என்று காத்திருக்கிறது. நோட்டில் போன தொகுதியின் சராசரி தலைப்புள்ளிக்கு நூற்று நாற்பது நொடி, முதுகுப்புள்ளிக்கு அறுபது, பேராசிரியர் பார்வதம் மேடம் அதைப் பார்த்து முதுகில் தட்டிக் கொடுத்தார், அந்த எண்பது நொடியில் இலை சம்பாதித்தது எவ்வளவு, என் இரக்கம் சேர்த்துவிட்டது எவ்வளவு? இன்று காலை பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்த அம்மா, வழியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கி, ஏதோ கடையைப் பார்க்கிற மாதிரி நடித்து, "உன் இலை மருந்து கேக்குதுன்னியே, எனக்கு எப்போடீ கொண்டாருவ?" என்றாள், பஸ் நகர்ந்தபோதும் சிரித்துக்கொண்டே கையாட்டினாள், நம்பிவிட்டாள், நான் சொன்னதாலேயே நம்பிவிட்டாள்...

கினிப்பன்றி இப்போது அவள் கட்டைவிரலை முகர்ந்து கொண்டிருந்தது, மூச்சு சீராக இருந்தது, முதலிலிருந்தே சீராகத்தான் இருந்ததோ என்னவோ. அதைக் கூண்டில் விட்டாள், நோட்டில் அந்தப் பக்கத்தின் குறுக்கே மெல்ல ஒரு கோடு இழுத்தாள், மஞ்சள் சாயப் புட்டியை எடுத்துப் பன்னீர்செல்வத்தின் பக்கம் நகர்த்தினாள்.

"அண்ணே, அடுத்த பன்னிரண்டுக்கும் மருந்தையும் தண்ணியையும் நீங்களே கொடுங்க, எதுக்குத் தலையில, எதுக்கு முதுகுலன்னு நீங்களே முடிவு பண்ணி புள்ளியும் வைங்க... எதுக்கு எதைக் கொடுத்தீங்கன்னு நான் அழுது கேட்டாலும் சொல்லாதீங்க, சொல்லாம இருப்பீங்களா?"