பானட்டில் பதிந்த கை

கார் கழுவும் ரிஃபாத்துக்குத் தோள்பட்டை கழன்று விழுவதுபோல் வலித்தது. கெய்ரோவின் அந்தத் தெருவில் பத்து வருஷமாக உறைக்குள் நின்ற காரை, காலையிலிருந்து சோப்புத் தண்ணீர் விட்டு, பெயின்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டியால் தேய்க்கிறான். மரப்பிசினும் பறவை எச்சமும் போய்விட்டன. இன்ஜின் மூடியான பானட்டில் பழுப்பாகப் பதிந்த கைத்தடம் மட்டும் போகவில்லை.

"இது என்ன சாயம், ஹஜ்ஜா?"

"சாயமா? கார் வாங்கின அன்னிக்கு அறுத்த ஆட்டோட ரத்தம்பா. கண்ணு படக்கூடாதுன்னு என் புருஷன் வச்ச கை," என்றாள், அவன் மரியாதைக்கு ஹஜ்ஜா என்றழைத்த காரின் சொந்தக்காரி இனாயத். "நாளைக்கு வாங்குறவர் வர்றார். எடுத்துடு."

ரிஃபாத் குழம்பினான். காவலுக்கு வைத்ததை அழித்தால் பழி யார் தலையில் விழும்?

"ரத்தம் இப்படி ஒட்டி நான் பாத்ததே இல்லையே. வழக்கப்படி கறியை ஏழைங்களுக்குக் குடுத்தீங்கதானே?"

"பாதி குடுக்கறதா நேந்துக்கிட்டோம்," அவள் குரல் தணிந்தது. "அப்ப ஃபிரிட்ஜும் புதுசு..."

தேய்ப்பதா விடுவதா என்று தெரியாமல் ரிஃபாத் நின்றான். அந்தத் தெரு ஏழைகளுக்கு அரை ஆடு இன்னும் பாக்கி.