இருட்டுக்குள் மூன்று ஹெல்மெட்

1

இந்தக் கதை எனக்கு ஒரு போன் கேள்வியாக வந்தது. "ரெண்டு கேமராவுல எதை வைக்கச் சொல்லட்டும்?" என்று ஜெயபிரியா கேட்டாள். ஸ்ரீவைகுண்டத்துக்காரி, கேமரா பொருத்தும் கம்பெனியில் வேலை. நான் துறைமுகக் கேமரா அறையில் இரவு ஷிப்ட் பார்த்து, பாதியில் விட்டுவிட்டு வந்தவன். அதனால் எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டாள். பதில் சொல்லாமல் எழுத உட்கார்ந்தேன். பதிலைத் தள்ளிப்போட எழுத்து நல்ல வழி.

முதல் தொடக்கம்: "நண்பகல் வெயிலில் தூத்துக்குடித் துறைமுகம் ஒரு வெள்ளைத் தாளைப் போல..."

வேண்டாம். போல, போல என்று எழுதிக்கொண்டிருந்தால் கதையில் யாருக்கும் எதுவும் ஆகாது. இந்தக் கதையில் ஒருவன் சாகலாம்.

2

விஷயம் இதுதான். நிலக்கரிக் கப்பலின் சரக்கறைக்குள் கிரேன் தன் இரும்பு வாயை இறக்கி அள்ளும். அந்த வாய்க்குப் பெயர் கிராப். கிரேன் ஓட்டுபவருக்கு உயரத்திலிருந்து சரக்கறையின் மூலைகள் தெரியாது. அதனால் விளிம்பில் ஒரு கேமரா வைக்க வேண்டும். அதன் படம் கிரேன் கேபினிலும் ஓடும், பாதுகாப்பு அதிகாரி காசிலிங்கத்தின் மேசையிலும் ஓடும்.

முதல் கேமராவில் ரெசல்யூஷன் அதிகம். தூரத்து எழுத்தையும் படிக்கலாம். இரண்டாவதில் டைனமிக் ரேஞ்ச் அதிகம். கொளுத்தும் வெயிலும் கும்மிருட்டும் ஒரே படத்தில் வந்தாலும் இரண்டையும் தொலைக்காது.

[இரண்டும் சேர்ந்தது கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. ஒதுக்கிய பணத்துக்குள் இல்லை. கேமராவுக்குள் ஒளியைப் பிடிக்கும் ஒரே அளவுச் சில்லில் புள்ளிகளைக் கூட்டினால் ஒவ்வொரு புள்ளியும் சின்னதாகும். சின்னப் புள்ளி வெயிலில் சீக்கிரம் நிரம்பிவிடும், இருட்டில் ஒன்றையும் பிடிக்காது.]

முதல் கேமராவைக் காசிலிங்கம் சோதித்துப் பார்த்தது ஆபீஸ் வாசலில். எதிரே ஓர் உப்பு லாரி நின்றது.

"ஏ யப்பா, டிரைவரு சட்டைப் பையில இருக்க பீடிக்கட்டுல பேரு தெரியுதே!"

அதோடு முடிவாகிவிட்டது. துறைமுகத்தில் எல்லாமே எண்தான்: கன்டெய்னர் எண், லாரி எண், ஆட்களை உள்ளே விடும் பாஸ் எண். படிக்க முடிந்தால் நல்ல கேமரா.

"மத்தியான வெயில்ல கப்பல்ல வச்சும் பாத்துருவோம் சார்" என்றாள் ஜெயபிரியா.

"பாரும்மா. பாத்துட்டு இதையே சொல்லு."

3

கிளாட்வினை எப்படிக் கொண்டுவருவது என்று தெரியவில்லை. சரக்கறை மூலைகளில் ஒட்டிய கரியைத் தள்ளிவிடும் ஆள். "முத்துக்குளித்த வம்சத்தில் வந்தவன்" என்று எழுதி அடித்தேன். அவனிடம் சொன்னால் சிரிப்பான். "கடலைப் பார்த்தபடி அவன்..." அதையும் அடித்தேன். சரக்கறைக்குள்ளிருந்து கடல் தெரியாது. [அவன் பெயரும் கிளாட்வின் இல்லை. கப்பல் பெயரையும் நான் சொல்லவில்லை. தெரிந்தேதான்.]

கிராப் இறங்கும்போது கீழே ஆள் இருக்கக் கூடாது, ஏணி ஏறி மேலே வந்துவிட வேண்டும். சட்டம் அப்படி. செங்குத்தான இரும்பு ஏணி. தொட்டால் கை பொத்துப்போகும் சூடு. ஏறினால் மறுபடி இறங்க வேண்டும். அதனால் கிளாட்வினும் இன்னும் இரண்டு பேரும் நிழல் விழும் ஒரு மூலையில் ஒண்டிக்கொள்வார்கள். பழைய கிரேன் ஆப்பரேட்டருக்கு அந்த மூலை தெரியும். அங்கே கிராப்பைக் கொண்டுபோக மாட்டார். அவர் ஓய்வுபெற்றுவிட்டார். இப்போது சுடலைராஜ். புது ஆள்.

4

மத்தியானம். நான் அங்கே இல்லை. ஜெயபிரியா சொன்னதைத்தான் எழுதுகிறேன். விளிம்பில் இரண்டு கேமரா, அவள் மடிக்கணினியில் இரண்டு படம். கேபினுக்குப் போவது முதல் கேமராவின் படம் மட்டும்.

முதல் படத்தில் கிராப்பின் மேல் எழுதிய எடை அளவு பளிச்சென்று தெரிந்தது. சரக்கறை ஒரே கறுப்பு. இரண்டாவதில் எழுத்து கலங்கியிருந்தது. ஆனால் கறுப்புக்குள் மூன்று ஹெல்மெட்.

வாக்கிடாக்கியில் சுடலைராஜ்: "கீழ ஆளு இருக்கா? எனக்குக் கெணத்துக்குள்ள வாளி விடுத மாதிரி இருக்கு."

அதே சேனலில் காசிலிங்கம் ஆபீசிலிருந்து: "ஆளு எப்படிவே இருக்கும்? நீரு எறக்கும்."

கிராப் விளிம்பைத் தாண்டியது. ஜெயபிரியா தன் வாக்கிடாக்கியின் பட்டனை அமுக்கினாள்.

"நிறுத்துங்க! கேமரா ஒயர் மாட்டப்போவுது. மேல தூக்குங்க!"

கிராப் ஆடிக்கொண்டே நின்றது.

5

கிளாட்வின் ஏறி வந்தான்.

"என்ன மேடம், ஒயர் மாட்டிட்டோ?"

"ஒயர் மாட்டலை. நீங்கதான் மாட்டியிருப்பிய. மூணு பேரையும் பாத்தேன். சார் காதுல விழக்கூடாதுன்னுதான் ஒயருன்னேன்."

"எதுல?"

காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான்.

"அடப்பாவி, எம் பக்கத்துல பிரைட்டன் வாயப் பொளந்து தூங்குததுகூடத் தெரியுது!" சிரித்தான். உடனே நிறுத்தினான். "இத வைக்காதிய மேடம்."

"வைக்கலைன்னா புது ஆளு உங்க தலையிலதான் எறக்குவாரு, அண்ணாச்சி."

"அவன்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

"அவருக்கும் ஷிப்ட் மாறும், வேற ஆளு வருவான். எத்தன பேருட்ட சொல்லுவிய?"

"கிராப்பு விழுந்தாலும் விழும், விழாமலும் போவும். இது ஆபீசுல ஓடுச்சுன்னா நாளைக்கே மூணு பேருக்கும் பாஸ் கட்டு, வேலை போச்சு. எது நிச்சயம், நீங்களே சொல்லுங்க."

"அப்ப மேல ஏறி வந்துர வேண்டியதான?"

"ஒருக்கா எறங்கி ஏறிப் பாருங்க."

அவள் ஏணியைப் பார்த்தாள். ஏறவில்லை. (ஏறவைக்க ஆசைப்பட்டேன். கதைக்குச் சுலபம். ஆனால் அவள் ஏறவில்லை.)

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் கேமரா. காசிலிங்கத்துக்குச் சந்தோஷம். பாஸ் பிழைத்தது. சுடலைராஜின் திரையில் கறுப்புக் குழி. அவன் கிராப்பை இறக்குகிறான், அது மூலைப் பக்கம்...

இதற்கு மேல் எழுதவில்லை.

இரண்டாவது கேமரா. மூன்று பேர் வெளியே. புதிதாக வருகிறவர்கள் பயந்து ஏணி ஏறுவார்கள், ஷிப்ட் முழுக்க. களைத்துப்போய் ஒருவன் பிடி நழுவினால் அதைப் பார்க்க ஏணியில் கேமரா கிடையாது.

மூன்றாவது முடிவில் காசிலிங்கம் மனம் மாறி, ஆட்களைத் தூக்க ஒரு கூண்டு வாங்கித் தருகிறார். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. அடித்துவிட்டேன்.

போன் மறுபடி அடிக்கிறது. ஜெயபிரியாதான். இன்று சாயங்காலத்துக்குள் எந்தக் கேமரா என்று அவள் சொல்லியாக வேண்டும். நான் எடுக்கவில்லை.

நான் வேலையை விட்டவன். திரைக்கு முன்னால் இப்போது இருப்பது நீங்கள். உங்களுக்கு இரண்டு படமும் தெரிகிறது, சுடலைராஜுக்கு ஒன்றுதான். ஒயர் என்ற பொய்யைச் சொல்லியாகிவிட்டது, இன்னொரு தரம் எடுபடாது. நாளைக்கும் வெயில் அடிக்கும், மூன்று பேரும் அதே மூலையில்தான் இருப்பார்கள். கிராப் விளிம்பைத் தாண்டும். அதே சேனலில் காசிலிங்கமும் கேட்டுக்கொண்டிருப்பார்.

பட்டன் உங்கள் விரலுக்கடியில்.

"கீழ ஆளு இருக்கா?"