தண்டுக்குள் கதிர்

"அறுக்கிறதுதான் அறுக்கிறீக, உங்க பாத்தியில அறுக்க வேண்டியதுதான? எங்க நெல்லு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"என் பாத்தியில ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லக்கா. எதை அறுத்தாலும் அது மாதிரி இன்னொண்ணு உலகத்துலயே கெடையாது. உங்க வயல்ல எல்லாம் ஒரே நெல்லு. ஒண்ணு போனா ஒண்ணு இருக்கு."

"கேட்டீகளா கூத்த? அவுக நெல்லுன்னா ராசா வீட்டுப் பிள்ளைக. நம்மளது ரேசன் கடை வரிசை."

"அறுத்துட்டுப் போறாக, விடு. இன்னுங் கொஞ்ச நேரத்துல எல்லாமே ஆட்டு வயித்துக்குள்ளதான் போகப்போகுது" என்றார், வரப்பில் குத்தவைத்திருந்த சிவனாண்டி. வயல் அவருடையது. ராசா வீட்டுப் பிள்ளைகள் என்று கேலி செய்தவள் அவர் மனைவி ஜெயக்கொடி. கிணற்று மேட்டு வேம்பின் நிழலில் முத்திருளன் தன் ஆடுகளை மடக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தான். காய்ந்துகொண்டிருக்கும் பயிரை ஆடுகள் மேய்ந்துவிட்டுப் போனால் வயலுக்கு எருவாவது மிஞ்சும் என்று பேச்சு.

ராதாமணி சிரித்துக்கொண்டே பையிலிருந்து சவர பிளேடை எடுத்தாள். டாக்டர் ராதாமணி என்று முதல்நாள் கேள்விப்பட்டதும் ஜெயக்கொடி சேலையை உயர்த்தித் தன் முழங்கால் வீக்கத்தைக் காட்டியிருந்தாள். இவள் பயிரின் பரம்பரையை ஆராய்கிறவள் என்று தெரிந்த பிறகும் டாக்டரம்மா என்ற பெயர் நிலைத்துவிட்டது. வேலை செய்யும் கல்லூரிப் பண்ணையில் ராதாமணிக்கு எல்லா வசதியும் இருந்தது. தண்ணீரும் இருந்தது, அதுதான் குறை. தாகமே தெரியாத இடத்தில் தாகம் தாங்கும் நெல்லை எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால்தான் செக்கானூரணி தாண்டி, வாய்க்கால் வந்து ஓய்ந்துபோகும் இந்த ஊரைத் தேடி வந்து, சிவனாண்டியின் வயலிலும் கிணற்றுக்கு வெகுதூரத்தில் கடைசியாகக் கிடந்த பாத்தியைக் கேட்டு வாங்கினாள். கொஞ்சத் தண்ணீரில் பிழைக்கிற பழைய சிவப்பு நெல்லையும், நிறைய விளைகிற புதிய குட்டை நெல்லையும் அவளே இணை சேர்த்திருந்தாள். ஒன்றின் பூ திறக்குமுன் இடுக்கியால் அதன் ஆறு மகரந்தப் பைகளையும் எடுத்துவிட்டு, மற்றதன் மகரந்தத்தைத் தூவினாள். அந்த இரண்டின் பேரப்பிள்ளைகள்தான் இந்தப் பாத்தியில் நின்றன. தாத்தா பாட்டியின் குணங்கள் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டதுபோல ஒவ்வொரு செடியிலும் வேறு விதமாய் விழுந்திருந்தன. எங்கோ ஒரு செடியில் இரண்டு நல்ல குணமும் சேர்ந்திருக்கலாம். கதிர் வந்து முற்றினால்தான் அது எதுவென்று தெரியும்.

கார்த்திகை பிறக்குமுன்பே வாய்க்கால் நின்றுவிட்டது. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு; மழையும் ஏமாற்றிவிட்டது. சிவனாண்டி தன் பயிரை மனதுக்குள் தலைமுழுகிவிட்டார். "எங்களுது எப்படியும் போச்சு. கெணத்துல கெடக்கிற தண்ணி உங்க பாத்திக்கு வந்து சேரும். எடுத்து விடுறேன்" என்று போன வாரம் அவராகவே சொன்னார். வறண்ட வாய்க்கால் பாதியைக் குடித்துவிடும், மீதி பாத்திக்குச் சரியாக இருக்கும். அதற்கப்புறம் மோட்டார் சேற்றைத்தான் இழுக்கும். தண்ணீர் பாய்ச்சக் கிடைக்கப்போவது ஒரே ஒரு முறை என்பதால், அதைக் கொடுக்க இதுதான் சரியான நாளா என்று, தன் பாத்தியோடு சேர்த்து நட்ட சிவனாண்டி வயலில் ஒரு தண்டைப் பிளந்து பார்க்க வந்திருந்தாள் ராதாமணி.

வேரோடு பிடுங்கிய தூரிலிருந்து நடுத்தண்டைப் பிரித்து, இலைகளை ஒவ்வொன்றாய் உரித்தாள். அடித்தண்டை நெடுக்காகக் கீறி விரித்தாள். உள்ளே அடுக்கடுக்கான சின்ன அறைகள். எல்லாவற்றுக்கும் மேலே, ஒன்றுமில்லை என்று கண் தாண்டிப் போய்விடக்கூடிய இடத்தில், கடுகைவிடச் சிறியதாக ஒரு வெள்ளை. லென்சைக் கொண்டுபோனதும் அது ரோமம் ரோமமாய் மலர்ந்தது. அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. எத்தனை முறை பார்த்திருக்கிறாள்! ஒவ்வொரு முறையும் இப்படித்தான். செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து மொழிபெயர்ப்பு நாவல்கள் படித்த வயதில், அவற்றில் ஓயாமல் பெய்த பனியை அவள் இப்படித்தான் கற்பனை செய்திருந்தாள். அந்த நுனி இத்தனை நாளும் இலைமேல் இலையாகச் செய்துகொண்டிருந்தது. ஒருநாள், இலை போதும், இனி கதிர் என்று திரும்பிக்கொள்கிறது. யார் சொல்கிறார்கள் அதற்கு? இருட்டில், ஒரு தண்டுக்குள், எந்தக் குரலை அது கேட்கிறது? உலகத்தில் இன்னும் ஒருவருக்கும் முழுதாகத் தெரியாது. அந்தத் தெரியாமையின் விளிம்பில் நிற்பதைவிடப் பெரிய சந்தோஷம் அவளுக்கு வாய்த்ததில்லை. அதைத் தனியாக வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

"அண்ணே, இங்க வாங்க. இதுல பாருங்க."

சிவனாண்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். "வெள்ளையா பஞ்சு மாதிரி இருக்கு."

"அதான் கதிர்."

"கதிரா? அதுக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்கே டாக்டரம்மா."

"வெளிய வரத்தான் ஒரு மாசம். உள்ள வந்துருச்சு. கதிர்ல எம்புட்டு நெல்லு பிடிக்கணுங்கிறதே இந்த வாரத்துலதான் முடிவாகுது."

அவர் மீண்டும் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. குனிந்தபடியே ஒரு கை மட்டும் மேலே போய், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டது.

"இது இந்த ஒண்ணுலதான் இருக்கா?"

"எல்லாத்துலயும் இருக்கும்ணே. ஒரே நெல்லு, ஒரே நாள்ல நட்டது."

"அம்புட்டுலயுமா?"

"அம்புட்டுலயும்."

சொன்ன பிறகுதான் அவள் தன் வார்த்தையைக் கேட்டாள். சிவனாண்டி எழுந்து, வெளுத்துச் சுருண்டு நின்ற தன் வயலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயக்கொடி லென்சை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஆத்தாடி! மூச்சுப் பட்டாலே கலைஞ்சுரும் போலருக்கே." அவள் குரல் குசுகுசுவென்று இறங்கியது. "இதையா ஆட்டுக்கு விடப் பாத்தோம்?"

"மாமா!" முத்திருளன் மேட்டிலிருந்து கத்தினான். "ஆட்ட எறக்கவா, வேணாமா? விட்டா இதுக என்னய மேய ஆரம்பிச்சுரும்."

"இன்னைக்கு வேணாம் மாப்ள. ஓட்டிட்டுப் போ."

ஆட்டு மணிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. பிறகு சிவனாண்டி, வேறு யாரோ ஒருவருடைய வயலைப் பற்றி விசாரிப்பதுபோலக் கேட்டார்.

"ஒரு தண்ணி குடுத்தா இது நிக்குமா டாக்டரம்மா?"

நிற்காது என்று சொல்லிவிடலாம். அவள் சொன்னால் நம்புவார். அவள் கையில் அந்த வெள்ளை இருந்தது.

"எல்லாம் நிக்காது. கெணத்தை ஒட்டின வயல் நிக்கும். இப்பவே விட்டா, அறுப்புக்கு வரும்."

சிவனாண்டி தலையசைத்தார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போனார். உறுமிக்கொண்டு மோட்டார் ஓடத் தொடங்கியது. வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வந்து, தன் வயலுக்குப் போகும் வாயில் இரண்டு வெட்டு மண்ணை இழுத்துப் போட்டு மிதித்தார். கடைசிப் பாத்திக்குப் போகும் வழியைத் திறந்தார். "குடுத்த வாக்கு குடுத்ததுதான்" என்று சொல்லிவிட்டு, தன் வயலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

ராதாமணி தன் பாத்தியைப் பார்த்தாள். அங்கேயும் ஒவ்வொரு தண்டுக்குள்ளும் அந்த வெள்ளை இருக்கும், ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல். கடைமடை ஊர்களுக்கெல்லாம் சோறு போடப்போகிற நெல் அதில் ஒன்றாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் போகலாம்.

வெடித்த வாய்க்காலில் சருகுகளைத் தள்ளிக்கொண்டு, நுரைத்த நாக்கைப்போலத் தண்ணீர் முதல் வளைவைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. ஜெயக்கொடி கீறிய தண்டை உள்ளங்கையில் வைத்து, வெயில் படாமல் மறு கையால் மூடிக்கொண்டு அவளருகே வந்தாள்.

"தாயி, தண்ணிய எங்க வயலுக்கு விடட்டுமான்னு அவுக கேக்க மாட்டாக. செத்தாலும் கேக்க மாட்டாக. நீங்க சொன்னா மம்பட்டியத் திருப்பிப் போடுவாக. உங்க வாயால ஒரு வார்த்தை சொல்றீகளா?"